எக்ஸ்ரே ‘நார்மல்’, மணிக்கட்டு வலி மட்டும் போகவில்லை: பார்த்ததைப் பகிருங்கள்

எக்ஸ்ரே டெக்னீஷியன்:
கையை ஊன்றி விழுந்தவருக்குச் சீட்டில் “மணிக்கட்டு, ரெண்டு வியூ” என்று மட்டும் இருந்தால் ஸ்கேஃபாய்டு முறிவு தப்பிவிடும். கட்டைவிரல் பக்கம் சாய்ந்து படுத்திருக்கும் சின்ன எலும்பு அது. நேராக எடுத்தால் படத்தில் குறுகி, விரிசல் கோடு மறைந்துபோகும். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அமுக்கி வலித்தால் ‘ஸ்கேஃபாய்டு வியூ’ கட்டாயம் வேண்டும். உள்ளங்கையைத் தட்டில் படிய வைத்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் வளைத்து, எக்ஸ்ரே குழாயை முழங்கைப் பக்கமாக 20 முதல் 30 டிகிரி சாய்க்க வேண்டும். எலும்பு நீளமாக விரிந்து தெரியும். வலியில் அடிபட்டவர்களால் கையை எளிதில் வளைக்க முடியாது. அவசரப்படுத்தினால் அசைந்து படம் கலங்கும்.

பக்கவாட்டுப் படத்தைப் பலர் ஒப்புக்கு எடுக்கிறார்கள். ரேடியஸ் (கட்டைவிரல் பக்க முன்கை எலும்பு), லூனேட், கேபிடேட் (மணிக்கட்டின் நடுவிலுள்ள சிறு எலும்புகள்) மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று அதில்தான் தெரியும். லூனேட் கவிழ்ந்த கோப்பை மாதிரி உள்ளங்கைப் பக்கம் சரிந்திருந்தால் அது அவசர கேஸ். கை கொஞ்சம் உருண்டிருந்தாலும் இதைச் சொல்ல முடியாது.

எலும்பு மருத்துவர்:
முதல் நாள் படத்தில் ஒன்றுமில்லை என்பதால் முறிவே இல்லை என்றாகாது. குழியில் வலி இருந்தால் கட்டுப் போட்டு, 10–14 நாளில் மறுபடி எடுப்பது வழக்கம். அதற்குள் முறிந்த விளிம்பு கரைந்து கோடு தெளியும். எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். எலும்புக்குள் ஊறிய நீரை அது ஓரிரு நாளிலேயே காட்டிவிடும். இவ்வளவு கவலை ஏனென்றால், இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து முன்கைப் பக்கம் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடந்து செத்துப்போகலாம்.

சி.டி. பிரிவு:
முறிவு உண்டா என்பதைவிட, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கே சி.டி. கைகொடுக்கும். 1 மில்லிமீட்டர் விலகினாலே அறுவைச் சிகிச்சைப் பேச்சு வரும். சி.டி. படத்தின் அடுக்குகள் 1 மில்லிமீட்டர் தடிமனுக்குள், ஸ்கேஃபாய்டின் நீளவாக்கில் அமைய வேண்டும். மணிக்கட்டின் போக்கிலேயே அடுக்குகளை அமைத்தால் எலும்பு கூன் விழுந்து மடங்கியது தெரியாமல் போகும்.

டெக்னீஷியன், மறுபடி:
ஒன்று விட்டுப்போச்சு. இரண்டாவது படத்தை மாவுக்கட்டின் மேலேயே எடுக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். மாவின் நிழலில் மயிரிழைக் கோடு காணாமல் போகும். கட்டைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.