கீழ்ச்சுத்தியல் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல்கள்: பொருத்தியவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு (இந்தியானாவிலிருந்து)

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் கீழ்ச்சுத்தியல் துப்பாக்கி ஒன்றுக்கு இரண்டு குழல்களை மாற்றி மாற்றிப் பூட்டும்படி அமைத்துக்கொண்டவன் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். இதைச் செய்ய விரும்பும் பலரும் முதலில் மரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நல்ல லேத்தும் பொறுமையும் இருந்தால் மரை வெட்டுவது பெரிய காரியமில்லை. இந்த வகைத் துப்பாக்கியில் சுத்தியல் சட்டத்தோடு நிற்கிறது, நிப்பிளோ, அதாவது தீமூட்டும் சிறு கேப்பை மாட்டும் குழாய்முனையோ, குழலோடு வருகிறது. எனவே குழலை மாற்றும்போதெல்லாம் சுத்தியலின் முகம் வேறொரு நிப்பிளைச் சந்திக்கிறது. இரண்டு குழல்களிலும் அந்தச் சந்திப்பு ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் நிகழும்படி செய்வதுதான் வேலையின் பெரும்பகுதி என்பதைப் பொருத்திப் பார்த்தபோதுதான் நன்றாக உணர்ந்தேன்.

இந்த அமைப்பை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். சாதாரணத் துப்பாக்கியில் பக்கவாட்டில் இருக்கும் சுத்தியல், இதில் குழலுக்கு அடியில் இருந்து மேல்நோக்கி அடிக்கிறது. நிப்பிள் குழலின் அடிப்பக்கத்தில் நேரடியாக மருந்தறைக்குள் திறப்பதால், கேப்பின் தீ வளைந்து நெளிந்து போகாமல் ஒரே கோட்டில் கருமருந்தைத் தொடுகிறது. உறுப்புகளும் மிகக் குறைவு. 20ஆம் நூற்றாண்டில் ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் என்ற பெயரில் வெளிவந்த கீழ்ச்சுத்தியல் துப்பாக்கிகளில் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமே சுத்தியலை இயக்கும் முதன்மை வில்லாகவும் வேலை செய்கிறது. பெரும்பாலான கீழ்ச்சுத்தியல்களில் குழலுக்கு அடியில் முன்கட்டையும் கிடையாது. மாற்றுக் குழல் என்ற எண்ணமே இந்தத் துப்பாக்கியில் இவ்வளவு இயல்பாக எழுவதற்கு அதுவும் ஒரு காரணம், ஏனென்றால் குழலை எடுக்க மரத்தைத் தொட வேண்டியதில்லை.

நான் தேர்ந்தவை 0.36 அங்குலமும் 0.50 அங்குலமும் துளை கொண்ட இரண்டு எண்கோணக் குழல்கள். இரண்டும் 32 அங்குல நீளமும், எதிரெதிர்த் தட்டைகளுக்கிடையே 15/16 அங்குல அகலமும் உடையவை. வெளியளவு ஒன்றாக இருப்பதால் சட்டத்தோடு சேரும் இடம் கண்ணுக்கு ஒழுங்காக அமைகிறது. ஆனால் சிறிய துளைக் குழலில் இரும்பு கூடுதலாக இருப்பதால் அது மற்றதைவிட ஏறத்தாழ 390 கிராம் அதிக எடையுள்ளது. நின்றுகொண்டு சுடும்போது அந்த வேறுபாடு தோளுக்கு உடனே தெரியும். ஒரே எடை வேண்டுபவர்கள் பெரிய துளைக் குழலைச் சற்று நீளமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி வேலையின் வரிசை. எண்கோணக் குழலில் துளை எப்போதும் தட்டைகளுக்கு நட்டநடுவே இருக்கும் என்று நம்பக் கூடாது. லேத்தின் நான்கு தாடைப் பிடியான சக்கில் பிடித்து, தட்டையைப் பார்த்தல்ல, துளைக்குள் டயல் கேஜை வைத்துத்தான் மையப்படுத்த வேண்டும். என் குழலின் பின்முனையில், அதை அடைக்கும் பிரீச் பிளக்குக்காக வெட்டிய மரை, அங்குலத்துக்கு 18 புரி கொண்ட 5/8 அங்குல மரை. அந்தப் புரியில் ஒரு முழுச் சுற்று 0.0556 அங்குலம் முன்னேறும். எண்கோணத்தின் ஒரு தட்டையிலிருந்து அடுத்த தட்டைக்குப் போவது எட்டில் ஒரு சுற்று என்பதால், குழலின் தோளில், அதாவது பிளக்கில் முட்டி நிற்கும் விளிம்பில், ஏறத்தாழ 0.007 அங்குலம் சீவினால் குழல் ஒரு தட்டை அளவு கூடுதலாகத் திரும்பும். கையால் இறுக்கிய நிலையில் மேல்தட்டை இன்னும் சில பாகை குறைவாக நிற்கும்படி விட்டுவிட்டு, நீலமை பூசி, தோள் சுற்றிலும் சமமாகத் தொடுகிறதா என்று பார்த்து, மெல்ல மெல்லச் சீவ வேண்டும். பத்து பாகைக்கு 0.0015 அங்குலம்தான் கணக்கு என்பதால், ஒரு முறை அதிகமாகச் சீவிவிட்டால் மேல்தட்டை தாண்டிப் போய்விடும். பிறகு அடுத்த தட்டை மேலே வரும் வரை சீவிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை.

நிப்பிளுக்கான துளையைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். தோளைச் சீவும் ஒவ்வொரு தடவையும் குழல் முழுவதும் சட்டத்தை நோக்கி நகர்கிறது, அதோடு நிப்பிளின் இடமும் நகர்கிறது. தட்டை சரியாக நின்று தோள் முழுவதும் இறுகிய பிறகு, சுத்தியலின் முகத்தில் ஒரு கூர்முனையைப் பொருத்தி, அது மெல்லத் தொடும் இடத்தையே துளையின் மையமாகக் குறித்துக்கொண்டேன். அந்த மையம் பிரீச் பிளக்கின் முகத்துக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பிளக் அத்துளையின் பாதியை மறைத்தால் தீ மருந்தை அடையத் தடுமாறும்.

உயரமும் அதே அளவு முக்கியம். நிப்பிள் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால், சுத்தியல் தன் வீச்சை முடிக்கும் முன்பே அதைச் சந்தித்து, பின்பக்க விளிம்பில் மட்டும் அடிக்கும். குறைவாக நீட்டிக்கொண்டிருந்தால் முன்விளிம்பில் அடிக்கும், அல்லது கேப்பை முழுவதும் நசுக்காமல் நின்றுவிடும். நிப்பிளின் தலையில் புகைக்கரி பூசி, கேப் இல்லாமல் சுத்தியலைக் கையால் பிடித்தபடியே மெதுவாக இறக்கினால், முகத்தில் பதியும் வளையம் முழுமையாக இருக்கிறதா, பிறைபோல இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு குழல்களிலும் முழு வளையம் கிடைத்த பிறகுதான் நான் மருந்தையே கையில் எடுத்தேன்.

இரண்டாம் பகிர்வு (வெர்மான்டிலிருந்து)

இந்தியானா நண்பர் எழுதியதை வரிக்கு வரி ஏற்கிறேன். இந்தத் துப்பாக்கிகள் செய்யப்பட்ட ஓர் ஊருக்கு அருகில் வசிப்பதால் ஒரு செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். 1830களில் வெர்மான்டின் வின்ட்சர் ஊரில் கீழ்ச்சுத்தியல் துப்பாக்கிகளைச் செய்தவர் நிகனோர் கெண்டல். அவரே பின்னர் ராபின்ஸ், கெண்டல் அண்ட் லாரன்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தில் ஒருவரானார். 1845இல் அமெரிக்க அரசுக்கு 10,000 ரைஃபிள்களைச் செய்து தரும் ஒப்பந்தத்தை அது பெற்றது. கெண்டல் விலகிய பிறகு அதே நிறுவனம் 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு அனுப்பிய ரைஃபிள்களில், ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் அப்படியே மாட்ட முடிந்தது. அதைக் கண்ட ஆங்கிலேயர்கள் தங்கள் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களையே வரவழைத்தார்கள். 1846இல் வின்ட்சரில் கட்டப்பட்ட அந்த நிறுவனத்தின் ஆலைக் கட்டடம் இன்று இயந்திரக் கருவிகளுக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது. வாய்ப்புள்ளவர்கள் ஒரு முறை சென்று பார்க்க வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன். கீழ்ச்சுத்தியலும், எதை எடுத்து எதில் மாட்டினாலும் பொருந்தும் உறுப்பு என்ற எண்ணமும் ஒரே சிற்றூரின் பட்டறைகளில் வளர்ந்தவை என்று நினைக்கும்போது எனக்கு இந்த வேலையின் மீது கூடுதல் மரியாதை ஏற்படுகிறது.

அந்த எண்ணத்தையே நான் என் வேலையிலும் பின்பற்றினேன். ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகச் சட்டத்தில் வைத்துத் தேய்த்துப் பொருத்துவதற்கு மாறாக, தோளிலிருந்து நிப்பிள் மையம் வரையிலான தூரத்துக்கும், மரையின் தொடக்கத்துக்கும், தட்டையின் நிலைக்கும் எஃகில் ஓர் அளவுச்சட்டம் செய்துகொண்டேன். துப்பாக்கி பக்கத்தில் இல்லாமலேயே மூன்றாவது குழலை அந்த அளவுச்சட்டத்தை மட்டும் வைத்து முடிக்க முடிந்தது. இரண்டே குழல்கள் போதும் என்பவருக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படாது. மூன்றுக்கு மேல் போகிறவர்களுக்கு இதுவே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இலக்குச் சுடுதலுக்காகப் போலிவாய் வைத்த குழலைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1840இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர், பிற்காலத்தில் தொலைநோக்கி வில்லைகளால் உலகப் புகழ் அடைந்த ஆல்வன் கிளார்க். குழலின் வாய்ப்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி, ஊசிகளால் மீண்டும் பொருத்தி, குழலோடு சேர்த்தே அதற்கும் குண்டைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் புரிகளை வெட்டுவது அந்த முறை. குண்டைச் சிதையாமல் உள்ளே இறக்க உதவும் அந்தத் துண்டு, எந்தக் குழலிலிருந்து வெட்டப்பட்டதோ அதற்கு மட்டுமே உரியது. குழல்கள் எவ்வளவு நன்றாக மாறிக்கொண்டாலும் போலிவாய்கள் மாறிக்கொள்ளா. ஆகவே அவற்றில் குழலின் அடையாளத்தைப் பொறித்து வைப்பது அவசியம். சுடும் முன் போலிவாயைக் கழற்றியாக வேண்டும் என்பதை நினைவூட்ட, அது பார்வைக் கோட்டை மறைக்கும்படி ஒரு தகட்டை அதில் பொருத்துவதும் பழைய வழக்கம்.

மூன்றாம் பகிர்வு (ஒஹாயோவிலிருந்து)

நான் இயந்திரப் பட்டறைக்காரன் அல்லன். ஒரு தேர்ந்த கைவினைஞரிடம் குழல்களைக் கொடுத்துப் பொருத்தி வாங்கியவன். எனவே பயன்படுத்துபவர் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

கீழ்ச்சுத்தியலில் நிப்பிள் பூமியை நோக்கி இருக்கிறது. மரை தளர்ந்தோ தேய்ந்தோ நிப்பிள் பிய்த்துக்கொண்டால், அது போகும் திசையில் இருப்பது துப்பாக்கியைத் தாங்கும் கை. மாற்றுக் குழல் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அமெரிக்கக் குழல்களில் 1/4 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 புரியும் கொண்ட நிப்பிள் மரையும், ஐரோப்பியக் குழல்கள் பலவற்றில் 6 மில்லிமீட்டர் விட்டமும் 0.75 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் கொண்ட மரையும் வழக்கில் உள்ளன. 6 மில்லிமீட்டர் நிப்பிளை 1/4 அங்குலத் துளையில் திருகினால், ஓரிரு சுற்று ஏறிப் பிடித்துக்கொண்டதுபோலத் தோன்றும். அந்தப் பிடிப்பை நம்பிச் சுடவே கூடாது. எல்லாக் குழல்களுக்கும் ஒரே மரையை வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கைவினைஞர் முதலிலேயே சொன்னது எவ்வளவு நல்ல அறிவுரை என்பதை, கலந்து கிடந்த நிப்பிள்களைப் பெட்டியில் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

மேசைமேல் மணற்பையில் வைத்துச் சுடுபவர்கள் நிப்பிளுக்கு நேர் கீழே பையோ கையோ இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கேப்பின் தீயும் துண்டுகளும் அங்கேதான் பாய்கின்றன. புதிதாகப் பொருத்திய குழலின் முதல் வெடிப்பைக் கையில் பிடித்துச் சுடாமல், துப்பாக்கியைக் கட்டி வைத்து, தடுப்புக்குப் பின்னால் நின்று நீண்ட கயிற்றால் விசையை இழுத்தே என் கைவினைஞர் செய்தார். புகையற்ற மருந்து ஒரு சிட்டிகைகூட இந்தக் குழல்களுக்குள் போகக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து படிக்கும் நண்பர்களுக்கு: வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியானாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம், செய்வதற்கும் தனி உரிமம் வேண்டும்.

மீண்டும் முதல் உறுப்பினர்

ஒஹாயோ நண்பர் நிப்பிளைப் பற்றி எழுதியதற்கு என் நன்றி. தனிமடலில் பலர் கேட்ட ஒரு கேள்விக்கு இங்கேயே விடை தருகிறேன்: குழலைச் சட்டத்தில் திருகுவது நல்லதா, செருகி ஆப்பு வைப்பது நல்லதா?

சட்டத்தில் உள்ள மரைத்தண்டே பிரீச் பிளக்காகவும் அமையும் துப்பாக்கிகளில், குழலை மாற்றும்போதெல்லாம் மருந்தறையே திறக்கப்படுகிறது. கருமருந்து எரிந்த பின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக்கழிவாக எஞ்சுகிறது. அது ஈரத்தை ஈர்த்து மரையில் துருவாகப் படியும். குழலைக் கழற்றும்போது ஒவ்வொரு புரியையும் துடைத்து எண்ணெயிட நேரமுள்ளவர்களுக்கு மட்டுமே அந்த அமைப்பைப் பரிந்துரைப்பேன். என் 0.36 குழலும் 0.50 குழலும் தத்தமக்கென்று நிலையான பிளக் கொண்டவை. நான் முன்பு சொன்ன மரை குழலுக்கும் பிளக்குக்கும் இடையிலானது. பிளக்கின் பின்னால் நீளும் தண்டு சட்டத்தில் செருகி, குறுக்கே ஓர் ஆப்பால் இறுகுகிறது. மருந்தின் அழுத்தம் முழுவதையும் குழலும் பிளக்கும் தமக்குள் தாங்கிக்கொள்ள, சட்டத்துக்குப் பின்னுதைப்பு மட்டுமே வந்து சேர்கிறது. நாட்கள் செல்லச் செல்ல ஆப்பு தேயும். அப்போது ஆப்பை மட்டும் சற்றுப் பெரிதாகச் செய்துகொண்டால் போதும், குழலையோ சட்டத்தையோ தொட வேண்டியதில்லை.

குழலுக்குள் ரைஃப்ளிங் புரிகள் சுற்றிச் செல்லும் முறுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கே ஏற்றது. 1860களில் மத்திய இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஜேம்ஸ் ஃபோர்சித், பெரிய துளைகளுக்கு 104 அங்குலத்தில் ஒரு சுற்று போதும் என்ற அளவுக்குச் சென்றார். என் 0.50 குழலில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 0.490 அங்குலக் குண்டும் 0.015 அங்குலத் தடிமனுள்ள பருத்தித் துணியும் அதில் நன்றாகப் பொருந்துகின்றன. முன்குறியும் பின்குறியும் ஒவ்வொரு குழலிலும் தனியாக இருப்பதால், குழலைக் கழற்றி மீண்டும் பூட்டினாலும் குறி மாறுவதில்லை. ஆப்பை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து செருகி, ஒரே கோடு வரை மட்டும் அடித்து இறக்குங்கள். அந்தக் கோட்டைச் சட்டத்திலும் ஆப்பிலும் முதல் நாளே பொறித்துவிடுங்கள்.