புதுப்பிப்பு: நாலு வருஷம் பின்னால் போன தேதிகள் திரும்பி வந்துவிட்டன

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஒருவர் மேக்கில் (ஆப்பிள் கம்ப்யூட்டரில்) இருந்து அனுப்பிய எக்செல் ஷீட்டை என் விண்டோஸ் ஃபைலில் பேஸ்ட் பண்ணினால் சேர்ந்த தேதி எல்லாம் மாறுகிறது என்று? 10-06-2019இல் சேர்ந்தவர் 09-06-2015 என்று நின்றார். நாலு வருஷம், ஒரு நாள். அந்த 'ஒரு நாள்'தான் துப்பு.

எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். விண்டோஸில் எண்ணிக்கை 1900இல் தொடங்கும். பழைய மேக் பதிப்புகளில் 1904இல். இடைவெளி 1,462 நாள், அதாவது நாலு வருஷமும் ஒரு நாளும். இப்போது மேக்கிலும் 1900தான், ஆனால் ஷீட்டை அனுப்பியவரின் ஃபைல் பழசு. வருஷா வருஷம் காப்பி எடுத்தே ஓட்டியிருக்கிறார்கள்! எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது என்ற அமைப்பு ஃபைலோடு போவதால் நேரே திறந்தால் சரியாக இருக்கும். வேறு ஃபைலில் ஒட்டும்போதுதான் வினை. அதனால்தான் "எனக்குச் சரியாத்தானே தெரியுது" என்று அவர் அடித்துச் சொன்னார். பாவம், நான்தான் கத்தினேன்.

சரிசெய்தது: காலி செல்லில் 1462 என்று அடித்து, காப்பி செய்து, தேதிகளை செலக்ட் பண்ணி, பேஸ்ட் ஸ்பெஷலில் 'ஆட்' (Add, கூட்டல்). வெறும் எண்களாகத் தெரிந்தால் பயப்படாமல் தேதி ஃபார்மட் கொடுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் இரண்டு தடவை கூட்டி, 2019இல் சேர்ந்தவரை 2023இல் சேர்த்துவிட்டேன்.

லதா எழுத்துருவில் அடித்த கடிதம் அவர் மேக்கில் இரண்டாம் பக்கத்துக்கு வழிவது இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன்.