இந்தியா 'கவலைக்குரிய நாடு' பட்டியலில் இருக்கிறதா, இல்லையா?

தேர்வுக்குப் படிப்பவன்:
"மதச் சுதந்திரம்: இந்தியாவைக் கவலைக்குரிய நாடாக அறிவிக்க அமெரிக்க ஆணையம் பரிந்துரை" என்று 2020 முதல் வருடாவருடம் செய்தி வருகிறது. ஆனால் அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியலில் இந்தியாவைக் காணோம். ஆணையம் வேறு, அரசு வேறா? எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? பட்டியலில் சேர்த்தால் என்னதான் ஆகும்?

நெல்லை வக்கீல்:
வேறுவேறுதான். 1998-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்தில் இரண்டு அமைப்புகள் பிறந்தன. ஒன்று, வெளியுறவுத் துறைக்குள் ஒரு தூதரின் தலைமையில் இயங்கும் அலுவலகம். மற்றது யுஎஸ்சிஐஆர்எஃப், அதாவது சர்வதேச மதச் சுதந்திரத்துக்கான அமெரிக்க ஆணையம். அதில் 9 உறுப்பினர்கள். 3 பேரை அதிபர் நியமிப்பார், மீதி 6 பேர் நாடாளுமன்றத்தின் இரு அவைகள் வழியாக வருவார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் இருப்பார்கள், சம்பளம் கிடையாது.

ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும். பட்டியலிடும் அதிகாரம் அதிபருடையது. நடைமுறையில் வெளியுறவு அமைச்சர் அதைச் செய்கிறார். இந்தியா விஷயத்தில் பரிந்துரையை அவர்கள் ஏற்கவில்லை.

மீறல் திட்டமிட்டதாக, தொடர்ந்து நடப்பதாக, மிகக் கொடியதாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் 'குறிப்பாகக் கவலைக்குரிய நாடு'. சித்திரவதை, குற்றச்சாட்டே பதியாமல் நீண்டகாலம் அடைத்து வைத்தல், ஆட்களைக் காணாமலாக்குதல் போன்றவற்றைச் சட்டமே பெயர் சொல்கிறது. அரசே செய்திருக்க வேண்டும் என்பதில்லை, பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலும் கணக்கில் வரும். மூன்றும் முழுதாகப் பொருந்தாத நாடுகளுக்குச் சிறப்புக் கண்காணிப்புப் பட்டியல். 2023 அறிக்கையில் இலங்கையை ஆணையம் பரிந்துரைத்தது இந்த இரண்டாம் பட்டியலுக்குத்தான். தமிழ்ச் செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஆவணக்காரர்:
தகவல் வரும் வழியும் இரண்டுக்கும் வேறு. வெளியுறவுத் துறை ஏறக்குறைய 200 நாடுகளைப் பற்றி எழுதுகிறது. அந்தந்த நாட்டுத் தூதரகம் அதிகாரிகள், மதக் குழுக்கள், பத்திரிகையாளர்கள், உரிமை அமைப்புகளிடம் கேட்டு முதல் வரைவைத் தயாரிக்கும், வாஷிங்டனில் திருத்துவார்கள். ஆணையம் சில நாடுகளை மட்டும் ஆழமாகப் பார்க்கிறது. 2024 அறிக்கையில் முதல் பட்டியலுக்கு 17, கண்காணிப்புக்கு 11. அப்போது வெளியுறவுத் துறையின் முதல் பட்டியலில் இருந்தவை 12.

ஆணையத்துக்குத் தூதரகம் கிடையாது. பொது விசாரணை, நேரடிப் பயணம், சட்ட ஆவணங்கள், பாதிக்கப்பட்டோர் வாக்குமூலம் இவைதான் கையிருப்பு. 2009-லும் 2016-லும் இந்தியா அதன் குழுவுக்கு விசா தரவில்லை. நேரில் போக முடியாதபோது வெளிநாட்டில் இருக்கும் அமைப்புகள் தருவதை அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. 'ஒருதலைப்பட்சம்' என்று டெல்லி சொல்ல அது வசதியாகிவிடுகிறது. என் பார்வையில் விசா மறுப்பு இரு தரப்புக்கும் நஷ்டம்.

ஆப்கானிஸ்தானையும் கவனியுங்கள். தாலிபானை அரசாக அமெரிக்கா அங்கீகரிக்காததால் வெளியுறவுத் துறை நாட்டைப் பட்டியலிடாமல், அரசு சாரா அமைப்புகளுக்கான மூன்றாவது பட்டியலில் தாலிபானைச் சேர்த்தது. அந்தப் பட்டியல், 1998 சட்டத்தைத் திருத்திய 2016-ன் ஃபிராங்க் உல்ஃப் சட்டத்தில் வந்தது.

நெல்லை வக்கீல்:
பின்விளைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்டனம் தொடங்கி உதவி நிறுத்தம், ஏற்றுமதித் தடை வரை 15 வகை நடவடிக்கைகளைச் சட்டம் அடுக்குகிறது. ஆனால் தப்பிக்க இரண்டு வாசல் உண்டு. 'முக்கியமான தேச நலன்' என்று விலக்குத் தரலாம். 2004-ல் பட்டியலில் ஏறிய சவுதி அரேபியா இதில்தான் தப்புகிறது. அல்லது வேறு காரணத்துக்காக ஏற்கெனவே போட்ட தடையையே இதற்கும் கணக்குக் காட்டலாம். இந்தச் சட்டத்துக்காகவே புதிதாகத் தடை விழுந்தது அரிது, 2005-ல் எரித்ரியாவுக்கு ராணுவத் தளவாட ஏற்றுமதியை நிறுத்தியது அப்படி ஒன்று.

பேச்சுவார்த்தைக்குப் பட்டியல் பயன்பட்டதும் உண்டு. 2004-ல் சேர்க்கப்பட்ட வியட்நாம் 2005-ல் மதச் சுதந்திரம் பற்றி அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டது, 2006-ல் நீக்கப்பட்டது. இப்போது அதை மறுபடி சேர்க்கச் சொல்கிறது ஆணையம்.

தேர்வுக்குப் படிப்பவன்:
நன்றி ஐயா. ஆணையம் பல வருடம் கேட்டு, அரசு பிறகு இறங்கிவந்த நாடு உண்டா?

ஆவணக்காரர்:
நைஜீரியா. 2009 முதல் கேட்டுவந்தார்கள். 2020 டிசம்பரில் சேர்த்தார்கள், 2021 நவம்பரில் காரணம் விளக்காமல் எடுத்தார்கள், 2025-ல் டிரம்ப் மறுபடி அறிவித்தார்.