பத்தாம் வகுப்பு அறிவியல்: பாடநூலை எப்போது திறக்கச் சொல்வது?

கேள்வி (அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி):
பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் வகுப்பில் ஒரு மாணவர் பத்தியை வாசிப்பார், நான் விளக்குவேன், பின்பக்க வினாக்களுக்குரிய விடைகளை எல்லோரும் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொள்வார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் அடிக்கோடிட்ட வரிகள் மட்டும் மனப்பாடமாக இருக்கின்றன. அவற்றுக்கு மேலும் கீழும் உள்ளவற்றை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. பாடநூலை ஒதுக்கிவிட்டு நடத்தவும் துணிவில்லை, ஏனெனில் பலருக்கு வீட்டில் இருக்கும் ஒரே புத்தகம் அதுதான். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அம்மா, நூலை ஒதுக்க வேண்டாம். திறக்கும் நேரத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள். ‘கரைசல்கள்’ பாடத்தை நான் இப்படித்தான் தொடங்குவேன். 50 மி.லி. தண்ணீரில் 15 கிராம் உப்பைக் கலக்கினால் கரைந்துவிடும். மேலும் 10 கிராம் போட்டால் அடியில் தங்கிவிடும். சூடாக்கினால் கரையும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் 100 கிராம் நீரில் 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 36 கிராம் கரையும் உப்பு, கொதிநிலையை எட்டும்போதும் ஏறத்தாழ 39 கிராம்தான் கரைகிறது என்பதால் மீதி உப்பு அப்படியே கிடக்கும். சர்க்கரை கரைகிறதே, இது ஏன் கரையவில்லை என்று சலசலப்பு எழும். அந்த நேரத்தில் பாடநூலைத் திறக்கச் சொல்லுங்கள். கரைதிறன் பகுதியை அவர்களே தேடிப் படிப்பார்கள்.

மறுமொழி 2:
முறைவைத்து உரக்க வாசிப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்களே தவிர, கேட்பதில்லை. ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து நிமிடம் மௌனமாகப் படிக்கச் செய்து, விடையைச் சொந்தச் சொற்களில் பக்க ஓரத்தில் எழுதச் சொல்கிறேன். விலையின்றி வழங்கப்படும் நூல் மாணவருக்கே உரியது. அதில் எழுதக்கூடாது என்று நாம் ஏன் அதட்டுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாசிக்கத் திணறுபவரை நன்றாக வாசிப்பவர் அருகில் அமர்த்துங்கள்.

மறுமொழி 3:
இருவர் சொல்வதும் சரி, ஆனால் பொதுத்தேர்வை மறந்துவிடக் கூடாது. செய்முறைக்கு 25 போக எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்களுக்கு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்களே 12. பின்பக்க வினாக்களைக் கைவிட்டால் தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைகள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். ஆகவே அவற்றைப் பாடத்தின் முடிவில் அல்லாமல் தொடக்கத்திலேயே வாசிக்கச் செய்கிறேன். எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். உட்பகுதியிலிருந்தும் கேட்கிறார்கள் என்பதால், வாரந்தோறும் ஆளுக்கு ஒரு புதிய வினாவை அவர்களே எழுதி வரவேண்டும். வழிகாட்டி நூலில் அதற்கு விடை இருக்காது என்பது கூடுதல் ஆதாயம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. வரும் வாரம் உப்பிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வகத்தில் தராசு ஒன்றுதான் உள்ளது. எட்டுக் குழுக்களுக்கு 45 நிமிடப் பாடவேளை போதுமா?

மறுமொழி 1:
முதல் நாளே எடைபோட்டு, குழுவுக்கு இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுங்கள், போதும்.