அப்பாவின் கீழுதட்டில் ஆறாத வெண்செதில்: பயாப்சி செய்யலாமா?

கேள்வி (காங்கேயம்):
வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேங்காய்க் களத்தில் பருப்பு காயப்போடுவதும் கிளறிவிடுவதுமாக வெயிலிலேயே நின்றவர். ஆறு மாதமாகக் கீழுதடு வறண்டு, வெளுத்து, செதில் செதிலாக உரிகிறது. நகத்தால் கிள்ளி எடுத்தாலும் நான்கு நாளில் அதே இடத்தில் மறுபடி படிகிறது. உதடும் தோலும் சேரும் கோடு மங்கிவிட்டது. வெண்ணெய், தேங்காயெண்ணெய் எதற்கும் கேட்கவில்லை. வெயிலால் வந்த ‘ஆக்டினிக் கீலைட்டிஸ்’ போலிருக்கிறது, சிறிது சதை எடுத்துச் சோதிக்க (பயாப்சி) வேண்டும் என்கிறார் மருத்துவர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியப்பா தடுக்கிறார். என்ன செய்வது?

பதில் (தோல் மருத்துவர், ஈரோடு):
பெரியப்பாவின் அச்சத்தைப் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் உதட்டில் பயாப்சி செய்வதால் நோய் பரவுவதில்லை, தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. கீழுதடு வெயிலை நேராக வாங்குகிறது. சிமெண்டுக் களத்தில் கீழிருந்தும் ஒளி பட்டுத் தெறிக்கிறது. இப்படிச் சேதமான உதடு எல்லோருக்கும் புற்றுநோயாக மாறுவதில்லை என்றாலும், மாறினால் அது கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு, மற்ற இடத்துத் தோலில் வருவதைவிடக் கூடுதல். தடித்த இடம், ஆறாத புண், இரத்தக் கசிவு இருந்தால் ஒரு வாரம்கூடப் பொறுக்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்குதான் எடுப்பார்கள். புற்று இல்லையென்று தெரிந்தால், சேதத்தின் அளவைப் பார்த்து ஃப்ளூரோயுராசில் களிம்பு, திரவ நைட்ரஜனால் உறையவைத்தல், லேசர், உதட்டின் மேல்தோலை மட்டும் அகற்றும் அறுவை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். புற்றே என்றாலும், தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். பீடி, புகையிலை இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

பதில் (தாராபுரம்):
என் மாமாவுக்கு இதே களிம்புதான் கொடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் உதடு சிவந்து, புண்ணாகிப் பொருக்குத் தட்டியதும், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்தப் பார்த்தோம். கெட்டுப்போன செல்கள் அழிவதால் அப்படி ஆகும் என்று மருத்துவர் சொன்ன பிறகே தொடர்ந்தோம். அந்த நாள்களில் காரமில்லாமல், ஆறிய தயிர்ச்சோறுதான் அவருக்கு இறங்கியது. தலைப்பாகையின் நிழல் கீழுதடுவரை வராது என்பதால், இப்போது அகல விளிம்புத் தொப்பியோடு, எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள உதட்டுக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சாப்பிட்ட பின்பும் பூசுகிறார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். வியாழக்கிழமை பயாப்சிக்குப் போகிறோம். அவரும் உடன் வருகிறார்.