புதுப்பிப்பு: அம்மாவுக்கு வீட்டிலேயே பராமரிப்பு, இரண்டு மாதங்களுக்குப் பின்

இரவில் கழிவறைக்குப் போகும்போது அம்மா இருமுறை விழுந்ததையும், பராமரிப்பாளரே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததையும் எழுதியிருந்தேன். வழுக்கும் தரைதான் காரணம் என்று நினைத்தோம். மருத்துவர் படுத்த நிலையிலும் நின்ற பிறகும் இரத்த அழுத்தத்தை அளந்தார். நின்றதும் அது சட்டென்று இறங்குகிறது, விழுந்ததற்குக் காரணம் அதுதான். மாத்திரையின் அளவைக் குறைத்தார். இப்போது அம்மா கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார். சுவரில் கைப்பிடியும் பொருத்தினோம். (துண்டு மாட்டும் கம்பி உடல் எடையைத் தாங்காது, அதை நம்பியது என் முட்டாள்தனம்.)

பராமரிப்பாளரை, "எனக்கு உதவிக்கு" என்று சொல்லிப் பகலில் மட்டும் வரவழைத்தேன். முதல் வாரம் அம்மா முகம் கொடுக்கவில்லை. இப்போது பராமரிப்பாளர் பத்து நிமிடம் தாமதித்தாலே அம்மா வாசலைப் பார்க்கிறார். குளிப்பாட்டுவது மட்டும் இன்னும் நான்தான்.