சீசனுக்கு முன் கிச்சன் ஆட்களுக்கு ரெயினிங்: எங்கிருந்து தொடங்குவது?

நிலாவெளிக்காரி:
வணக்கம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். சீசன் தொடங்க முதல் சமையலறை ஆட்களுக்கு உணவுப் பாதுகாப்பு பற்றி ரெயினிங் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள், ஒரு நாள் முழுக்க ஹோலையும் தருவார்களாம். இருபது வருடமாகக் கரண்டி பிடித்த குக்மாரும் இருக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்த கிண்ணியாப் பெடியன்களும் இருக்கிறார்கள், சிங்களம் மட்டும் விளங்குபவர்களும் உண்டு. முன்பு வெளியிலிருந்து ஒருவர் வந்து ஸ்லைட் ஸ்லைடாகப் போட்டுக் கதைத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த நாளே பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் வெட்டுப்பட்டது. அப்படி ஒன்றைத் திரும்ப நடத்த எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

சீனக்குடா:
தங்கச்சி, ஸ்லைட் பக்கம் இப்போது போகவே வேண்டாம். முதலில் கிச்சனில் போய் நின்று பாருங்கள், எங்கே பிழை நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று. அந்தப் பலகை விஷயம் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பலகைதான் இருந்தால் அவசரத்தில் அதைத்தான் எடுப்பார்கள். அதற்கு வேறு நிறத்தில் இன்னொரு பலகை வாங்கிக் கொடுக்கவேண்டும், வகுப்பு எடுத்துப் பலனில்லை. இப்படிக் கழித்துக்கொண்டு வந்தால் உண்மையிலேயே பழக்கவேண்டியவை நாலைந்துதான் மிஞ்சும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கக்கூடிய மாதிரி எழுதுங்கள். "உணவுப் பாதுகாப்பை விளங்கிக்கொள்வார்" என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? "கோழியின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தி 74 பாகை செல்சியஸ் வந்த பிறகுதான் இறக்குவார்" என்றால் பார்க்கலாம்.

நடத்துவதற்கு நான் நம்புவது டிடபிள்யூஐ (Training Within Industry) முறை, அதாவது வேலை இடத்திலேயே வேலையைப் பழக்குவது. அமெரிக்காவில் 1940 இல், போர்க்காலத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை விரைவாகப் பழக்கத் தொடங்கியது, போருக்குப் பிறகு ஜப்பானிலும் பரவியது. ஆளைத் தயார்ப்படுத்துவது, செய்து காட்டுவது, செய்யவிடுவது, பிறகு போய்ப் பார்ப்பது. அவ்வளவுதான். மூன்றாவதில்தான் உயிர் இருக்கிறது: செய்யும்போதே என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டும். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

மூதூர் ஆசிரியை:
முழு நாளையும் ஏற்காதீர்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885 இலேயே தன்னைத்தானே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்று காட்டிவிட்டார். இடைவெளி விட்டு மீட்டினால்தான் நிற்கும். ஷிப்டுக்கு முன் இருபது நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். அடுத்த முறை தொடங்கும்போது போன தடவை செய்ததை நீங்கள் சொல்லாமல் அவர்களைக் கேளுங்கள், யோசித்து எடுக்கட்டும். சிங்களம் பேசும் ஆட்களுக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். செய்முறை என்றபடியால் பேச்சு குறைவாகத்தான் தேவைப்படும்.

உப்புவெளி குக்:
நான் அந்த "இருபது வருடக் கரண்டி" வகை ஆள், அதனால் ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. எங்களைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி வாங்கில் இருத்தினால் வாயே திறக்கமாட்டோம். வேலை தாருங்கள். ஒரு கிளாஸ் நிறைய நொறுக்கிய ஐஸ், அதற்குள் கொஞ்சம் தண்ணீர், நடுவில் தெர்மாமீட்டர், முனை கிளாஸில் படக்கூடாது. பூச்சியம் காட்டவேண்டும். அது 3 காட்டினால் இவ்வளவு நாளும் எழுதிவைத்த கணக்கு எல்லாம் பிழை என்று ஒவ்வொருவருக்கும் தானாக விளங்கும், ஒருவரும் விளக்கத் தேவையில்லை. மீன் வந்து இறங்கும்போது செவுளையும் கண்ணையும் பார்த்து எடுப்பதை மூத்த குக் ஒருவரையே பழக்கச் சொல்லுங்கள். அவருக்கும் மரியாதை, பெடியன்களும் அவர் சொன்னால் கேட்பார்கள்.

நிலாவெளிக்காரி:
அண்ணாமார், டீச்சர், மிச்சம் நன்றி. ஐஸ் கிளாஸ் விஷயத்தை நிச்சயம் செய்யப்போகிறேன். இன்னொரு சந்தேகம்: முடிந்ததும் கருத்துப் படிவம் நிரப்பி அறிக்கை தரவேண்டுமாம். அது போதுமா?

சீனக்குடா:
போதாது. கேர்க்பற்றிக் என்பவர் 1959 இல் ஒரு ரெயினிங்கை மதிப்பிட நாலு மட்டம் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. படிவம் முதலாவதோடு நின்றுவிடும். இரவுச் சாப்பாட்டு நெருக்கடி நேரத்தில் போய் நின்று, எத்தனை பேர் தெர்மாமீட்டரை எடுத்தார்கள் என்று, ரெயினிங் தொடங்க முதலே ஒரு தாளில் குறித்துவையுங்கள். முடிந்து மூன்று கிழமை கழித்து அதே நேரம், அதே தாள், சொல்லாமல் போங்கள். அந்த இரண்டு தாளையும் அறிக்கையில் வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் ஆட்களைக் குறை சொல்ல முதல், தெர்மாமீட்டர் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்.